கடையில்லாத காடு

டிசம்பர் 8, ஞாயிறு

இன்று காலை எங்கள் வீட்டுச் சாமி பூனையைப் பார்த்து, "பாலைத் தொடாதீங்க சாமி" என்றார். மாலை போட்ட நாளிலிருந்து அவருக்கு எல்லாரும் சாமி. நான் சாமி, பூனை சாமி, கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவன் சாமி. மற்ற மாதங்களில் நான் என்னவாக இருந்தேன் என்பதை இங்கே எழுதினால் டைரி நாறிப்போகும்.

ஊருக்கெல்லாம் தெரிந்த விஷயம்தான், நான் மறைத்து என்ன ஆகப்போகிறது? என் வீட்டுக்காரர் நல்லமுத்து கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் பெயின்டர். கோடு போட்டால் ரூல்தடி தோற்றுப்போகும். அந்தக் கைக்குச் சாயங்காலம் ஆனால் ஒரு நடுக்கம் வந்துவிடும். நடுக்கம் நிற்கக் கடைக்குப் போவார். கடை என்றால் எங்கள் வீட்டில் ஒரே கடைதான். கார்த்திகையில் மாலை போட்டால் மட்டும் ஒரு மண்டலம் தொடமாட்டார். அந்த ஒரு மண்டலம்தான் எனக்கு வருஷம்.

போன வருடம் குருசாமி மாலையைக் கழற்றினாரே, அன்றைக்கே இவர் நேராகக் கடைக்குப் போனார். நெற்றியில் சந்தனம்கூடக் காயவில்லை. கொண்டுவந்த அரவணைப் பிரசாத டப்பாவை நான் தனியாக உட்கார்ந்து திறந்தேன்.

இந்த வருடம் அப்படி விடுவதாக இல்லை.

டிசம்பர் 10, செவ்வாய்

நான் சத்துணவு அமைப்பாளராக இருக்கிற பள்ளிக்கூடத்தில் இன்று கொண்டைக்கடலை. வேகவே மாட்டேன் என்று அடம். சமையல்காரம்மா என்னைப் பார்த்து, "என்னங்க மேடம், கல்லை வாங்கியாந்து போட்டுட்டாங்களா" என்கிறாள், நானே போய்க் கடலையைச் செய்துவிட்டு வந்தமாதிரி.

சாயங்காலம் அபிநயா கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தாள். அரைப்பரீட்சை லீவுக்கு என்னம்மா பண்ணப்போறே என்றாள். அவள் ஆபீஸ் பிள்ளைகள் பொள்ளாச்சிக்கு மேலே ஒரு காட்டுக்குப் போய் வந்தார்களாம். ஜீப்பில் ஒரு நாள், நடந்து ஒரு நாள், படகில் ஒரு நாள் சுற்றிக் காட்டுவார்களாம், யானை, காட்டுமாடு எல்லாம் உண்டாம்.

"அங்க கடை இருக்குதா கண்ணு?"

"என்ன கடைம்மா? பிஸ்கட்டு, டீயெல்லாம் கிடைக்கும்."

"கடைதான்டி."

புரிந்துகொண்டாள். "இல்லம்மா. செக்போஸ்ட்லயே பையைப் பிரிச்சுப் பாத்துருவாங்க. அங்கிருந்து கீழ இறங்கினாத்தான்" என்றாள்.

"அப்ப ரூம் போட்டுரு. அப்பா மலைக்குப் போய்ட்டு வந்த கையோட போறோம். அப்பாகிட்ட எதுவும் சொல்லாதே."

ராத்திரி அவரிடம், மான் பார்க்க ஆசையாக இருக்கிறது என்றேன். "மானா? உனக்கா சாமி?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஏன், எனக்கு மான் பார்க்க ஆசை வரக்கூடாதா?

டிசம்பர் 19, வியாழன்

இருமுடி கட்டிக் கிளம்பினார்கள். வேன் ஏறும்போது திரும்பிப் பார்க்கக்கூடாது என்பது வழக்கம். பார்க்கவில்லை.

டிசம்பர் 23, திங்கள்

நல்லபடியாக வந்து சேர்ந்தார். வந்தவர் ஒரு கூத்து பண்ணினார்.

கோவிலில் குருசாமி வரிசையாக எல்லாருக்கும் மாலையைக் கழற்றிக்கொண்டு வருகிறார். இவர் முறை வந்ததும் கழுத்தைக் கையால் பொத்திக்கொண்டார். "இருக்கட்டுமுங் சாமி. இன்னும் ரெண்டு நாள் கெடக்கட்டும்."

"மலையேறி எறங்கியாச்சு, இனி எதுக்கு சாமி?"

"கெடக்கட்டுமுங்."

குருசாமி என்னைப் பார்த்தார். நான் எதைக் கண்டேன்? வீட்டுக்கு வந்து யோசித்ததில் விளங்கிவிட்டது. காட்டில் மாலையைக் கழற்றி என்ன பிரயோஜனம்? ஊருக்குத் திரும்பிவந்து சாவகாசமாகக் கழற்றிவிட்டு, நேரே கடைக்குப் போகலாம் என்று கணக்குப் போடுகிறார். நான் ஒரு வழி பார்த்தால் இவர் மூன்று வழி பார்க்கிறார். என் திட்டத்தில் மண். நாய் வாலை நிமிர்த்தப்போன என்னைச் சொல்லணும்.

ரூம் போட்டாயிற்று. போய்த்தான் ஆகணும்.

டிசம்பர் 25, புதன்

பொள்ளாச்சி வரை பஸ். அங்கிருந்து ஜீப்.

செக்போஸ்ட்டில் ஒரு காக்கிச்சட்டைத் தம்பி பைகளைப் பிரித்துப் பார்த்தார். முறுக்கு வைத்திருந்த பிளாஸ்டிக் கவரைப் பிடுங்கிக்கொண்டு முறுக்கை மட்டும் என் முந்தானையில் கொட்டினார். "சரக்கு ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டார். மாலை போட்டவரைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா என்று இவருக்குக் கோபம். எனக்கு அந்தத் தம்பியின் வாயில் சர்க்கரை போடணும்போல இருந்தது. "அடியில இன்னொரு வாட்டி நல்லாப் பாருங்க தம்பி" என்றேன். இவர் என்னை முறைத்தார்.

எங்கள் ஜீப்பில் திருப்பூர்க்காரர்கள் இருவர். ஒருவர் மோகனசுந்தரம். பனியன் கம்பெனி வைத்திருக்கிறாராம். நல்ல உருப்படி, நல்ல சிரிப்பு, வாய் மூடுவதேயில்லை. கூட வந்த மச்சானுக்குக் கொட்டாவி விடுவதைத் தவிர வேறு வேலையில்லை.

சாயங்காலம் ஜீப்பிலேயே காடு பார்க்கப் போனோம். புள்ளிமான் ஆட்டுப்பட்டி மாதிரி நிற்கிறது. ரோட்டோரம் காட்டுமாடு ஒன்று, அப்பா, என்ன உடம்பு! முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளை, சாக்ஸ் போட்டமாதிரி. எங்கள் சாமி ஜீப்பில் இருந்தபடியே கையெடுத்துக் கும்பிட்டு, "மாட்டு சாமி, நல்லா இருக்கீங்களா சாமி" என்றார். டிரைவர் சிரித்துவிட்டார். நானும்தான். புலி வரவில்லை. வராவிட்டால் பரவாயில்லை, எனக்கு ஒன்றும் புலியிடம் வேலையில்லை.

திரும்பும்போது மோகனசுந்தரம் இவர் தோளில் கை போட்டு, "மாலை எப்பங்க கழட்டறீங்?" என்றார். கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

இங்கே போனில் டவர் இல்லை. ராத்திரி தவளைச் சத்தம் மட்டும். நல்ல இடம்.

டிசம்பர் 26, வியாழன்

காலையில் நடந்து போகிற சுற்று. வழிகாட்டி சிவராஜ், இந்தக் காட்டுக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர், முப்பது வயதிருக்கும், கறாரான ஆள். வரிசையாக நிற்க வைத்துச் சொன்னார். செண்டு பூசியவர்கள் கழுவிவிட்டு வரணும். பேச்சு கூடாது. ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்கணும். ஷூ இல்லாமல் யாரும் வரக்கூடாது.

எங்கள் சாமி வெறுங்காலோடு நிற்கிறார்.

"மாலை போட்டிருக்கேனுங் சாமி. செருப்பு போடக்கூடாது."

"அட்டையும் முள்ளும் கெடக்குங்க. ஆபீசர் என்னையத்தான் கேப்பாரு. நீங்க ரூம்ல இருங்க, நாங்க போய்ட்டு வந்துருவோம்."

மச்சான்காரர் அன்று நடக்க வரவில்லை, ரூமில்தான் இருக்கப்போகிறார். அவருடைய கண் சிவந்திருந்ததை நான் காலையிலேயே பார்த்தேன். செக்போஸ்ட்டை ஏமாற்றி எதுவோ உள்ளே வந்திருக்கிறது. இவரை ரூமில் விட்டுவிட்டு நான் மட்டும் எப்படிப் போவது? நானும் நின்றுவிடுகிறேன் என்று வாய் திறப்பதற்குள் இவர், "கழட்டிரலாம்" என்றார்.

சொல்லிவிட்டு அப்படியே நிற்கிறார். மாலையைக் குருசாமி கழற்றணும், இல்லை பெற்ற தாய் கழற்றணும். குருசாமி கரூரில் இருக்கிறார். என் மாமியார் போய்ச் சேர்ந்து வருஷமாகிறது. பெண்டாட்டி கழற்றலாமா என்று போன் போட்டுக் கேட்கலாம் என்றால் டவரும் இல்லை. சிவராஜ் மணியைப் பார்க்கிறார். கடைசியில் இவரே, "ஐயப்பனும் காட்டுல வளந்தவருதான். இங்க கழட்டினாக் கோவிச்சுக்கமாட்டாரு. நீயே கழட்டு சாமி" என்று என் முன்னால் தலையைக் குனிந்தார்.

கழற்றினேன். கண்ணை மூடி ஒரு சரணம் சொல்லிவிட்டுக் கழற்றினேன். மஞ்சள் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தேன்.

மாலை போன கழுத்து என்னவோ உரித்த கோழி மாதிரி இருந்தது. சிவராஜ் ஒரு ஜோடி ஷூ கொண்டுவந்து கொடுத்தார். ஆயுசு முழுக்க ரப்பர் செருப்பு போட்டவருக்கு லேஸ் கட்டத் தெரியவில்லை. "மரகதம், இதைக் கொஞ்சம் கட்டி வுடு புள்ள" என்றார். இத்தனை நாள் கழித்து என் பெயர். சாமி போய் மனுஷன் வந்துவிட்டார், இனி என்ன நடக்குமோ.

சிவராஜுக்கு அடுத்து நான், எனக்குப் பின்னால் ஒரு சென்னைக் குடும்பம், கடைசியில் மோகனசுந்தரமும் இவரும். பேசக்கூடாது என்பது சட்டம். கட்டிய புருஷனைத் திட்டவும் கூடாத சட்டம் என்று அப்போதுதான் உறைத்தது. ஒரு திருப்பத்தில் திரும்பிப் பார்த்தேன். மோகனசுந்தரம் பையிலிருந்து எதையோ எடுத்து இவர் கையில் வைத்தார். இவர் வாங்கிச் சட்டைக்குள் இடுப்பில் செருகிக்கொண்டார்.

நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு சிவராஜ் எதை எதையோ காட்டினார். புலி மரத்தைப் பிறாண்டிய தடம், கரடி தோண்டிய குழி. எல்லாரும் குனிந்து குனிந்து பார்த்தார்கள். எனக்குக் கண்ணே தெரியவில்லை. வேலியில் போன ஓணானை நானே பிடித்து மடியில் விட்டுக்கொண்டேனே, கரூரிலாவது எந்தக் கடைக்குப் போவார் என்று தெரியும், இங்கே கொண்டுவந்து இந்த ஆள் கையில் கொடுத்தேனே என்று அடித்துக்கொண்டது மனசு. பெரியதாகக் காட்டுக்கு வந்தாளாம், மான் பார்க்க வந்தாளாம்!

மூங்கில் புதர் தாண்டியதும் சிவராஜ் கையை உயர்த்தினார். எல்லாரும் நின்றோம். முன்னால் ஓடைக்கு அந்தப் பக்கம் யானை. ஒன்றில்லை, நான்கைந்து. நடுவில் குட்டி. ஒரு பெரிய யானை தும்பிக்கையைத் தூக்கி எங்கள் பக்கமாகக் காற்றைப் பிடித்தது. காதை விரித்தது.

சிவராஜ் சத்தமில்லாமல் பின்னால் வந்தார். "காத்து நம்மகிட்ட இருந்து அங்கதான் போகுது, சரக்கு வாடை ஆனைக்கு எட்டிருச்சு. குடிச்சது யாரு?"

நான் இவர் இடுப்பையே பார்த்தேன். ஆனையை இல்லை. சிவராஜ் ஒவ்வொருவர் முகத்துக்கும் கிட்டத்தில் போனார். சென்னைக்காரர், அவர் வீட்டம்மா. பிறகு இவர். இவர் முன்னால் நின்றார். இவரும் அவர் கண்ணைப் பார்த்தபடி நின்றார். சிவராஜ் தாண்டிப் போய்விட்டார். மோகனசுந்தரத்திடம் வந்ததும் நின்றார்.

"கொஞ்சம்தானுங், குளிருக்கு..." என்றார் மோகனசுந்தரம்.

அப்போது யாரும் கேட்காமலே இவர் இடுப்பிலிருந்து பாட்டிலை எடுத்துச் சிவராஜ் கையில் கொடுத்தார். "இதையும் வெச்சுக்கங்க."

பாட்டில் நிரம்பியே இருந்தது. மூடியின் சீல்கூட உடையவில்லை.

நாங்கள் எல்லாரும் பின்வாங்கி வந்த வழியே திரும்பினோம். யானைகள் குட்டியை நடுவில் விட்டுக்கொண்டு மேலே ஏறிப் போயின. நாங்கள் வந்த ஜீப்பின் ஸ்டெப்னி டயருக்குள் ஒளித்து வைத்துக் கொண்டுவந்ததாக மோகனசுந்தரம் ரேஞ்சரிடம் ஒப்புக்கொண்டார். மத்தியானமே இரண்டு பேரையும் கீழே இறக்கி அனுப்பிவிட்டார்கள்.

நான் தலைவலி என்று சொல்லிப் படுத்துவிட்டேன். அவரிடம் பேசவில்லை. குடிக்கவில்லைதான். ஆனால் வாங்கினாரே.

டிசம்பர் 27, வெள்ளி

இன்று அணையில் மூங்கில் படகு. சென்னைக் குடும்பம் வேறு படகில். எங்கள் படகில் துடுப்புப் போட ஒருவர், பிறகு நாங்கள் இருவர்தான்.

தண்ணீர் கண்ணாடி மாதிரி. நீர்நாய்கள் ஒரு கூட்டம் தலையைத் தூக்கித் தூக்கி எங்களைப் பார்த்தன. பாறையில் ஒரு முதலை வாயைப் பிளந்து வைத்துக்கொண்டு கிடந்தது. "உங்க தங்கச்சிக்காரி தூங்கறாப்பல இருக்குது" என்றேன். நேற்றிலிருந்து நான் பேசிய முதல் பேச்சு அது. அவர் சிரித்தார். கொஞ்ச தூரம் போனதும் அவராகவே ஆரம்பித்தார்.

"அந்தாளு நீட்டினான். வேண்டாம்னு சொல்ல வாயி வல்ல புள்ள. கை தானா வாங்கிருச்சு. இடுப்புல கெடந்துச்சு, நெருப்புக்கட்டியாட்டம். ஒவ்வொரு மரத்துக்கும் நெனச்சேன், இப்ப தொறந்துருவேன், இப்ப தொறந்துருவேன்னு."

"ஏன் தொறக்கல?"

"தெரியல. வாங்காம இருக்க முடியல. குடிக்காம இருக்க முடிஞ்சுது. அவ்வளவுதான்."

துடுப்புக்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு துடுப்புப் போட்டார். நல்ல மனுஷன்.

"அப்ப மாலையை எதுக்குக் கழட்டமாட்டேன்னீங்க, கோயில்ல?"

"பயம். கழட்டினாக் காலு நேரா அங்க போயிரும். போன வருசம் போச்சல்லோ. கழுத்துல கெடந்தாத் தொடமாட்டேன். சாகற வரைக்கும் போட்டுக்கலாமான்னுகூட இருந்துச்சு" என்றார்.

நான் என்னவெல்லாம் கணக்குப் போட்டேன். மனுஷன் பயந்துபோய்க் கழுத்தைப் பொத்திக்கொண்டு நின்றிருக்கிறார், நான் திட்டம் போடுகிறார் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

"நீ எதுக்கு என்னையக் காட்டுக்குக் கூட்டியாந்தே?" என்றார்.

"மான் பாக்க."

"பாத்தாச்சா?"

"பாத்தாச்சு."

"ஏம் புள்ள, எனக்குத் தெரியாதா? நீ மான்னு சொன்ன அன்னிக்கு ராத்திரியே பாப்பா போன் பண்ணி, அம்மா இப்படி ஒரு ஏற்பாடு பண்ணுது, தெரியாதமாதிரி இருந்துக்கப்பான்னு சொல்லிருச்சு. தெரிஞ்சுதான் வந்தேன், இங்க கடையில்லங்கற தைரியத்துலதான் மாலையைக் கழட்டச் சொன்னேன். எங்கயாச்சும் கொண்டுபோய் என்னைய வெச்சுரு மரகதம்னு நானே சொல்லணும்னு இருந்தேன். வெக்கமா இருந்துச்சு."

அழுதேன். எழுதிவிடுகிறேன், இதை யார் படிக்கப்போகிறார்கள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். படகு ஆடியது. துடுப்புக்காரர், "அம்மா, ஆடாதீங்க, முதலை இருக்குது" என்றார். அழுகையோடு சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை காலமாக நெஞ்சில் கிடந்த அம்மிக்கல் அது. இறங்கியதும் வயிறாரச் சாப்பிட்டேன். கேன்டீன் சாம்பார் தண்ணீராகத்தான் இருந்தது, இரண்டு கரண்டி அதிகமாக விட்டுக்கொண்டேன்.

அபிநயாவுக்கு இருக்கிறது ஊருக்குப் போனதும். என்னிடம் ஒன்று சொல்லிவிட்டு அப்பனிடம் ஒன்று சொல்லியிருக்கிறாள். நல்ல பிள்ளை.

டிசம்பர் 28, சனி

பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் ஒன்றுக்குப் போகிறேன் என்று போனவர் வர நேரமாகிவிட்டது. எதிர்வரிசையில் கடை திறந்திருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை, பஸ் போர்டைப் படித்துக்கொண்டிருந்தேன். உடுமலை, தாராபுரம், உடுமலை. சாத்துக்குடியோடு வந்தார். "புளிக்குமோ என்னமோ" என்றார். புளித்தது.

ஜனவரி 2, வியாழன்

பட்டறைக்குப் போனார். நேராக வீட்டுக்கு வந்தார்.

ஜனவரி 6, திங்கள்

இன்று நல்ல நாள் இல்லை. சாயங்காலம் உடம்பெல்லாம் வேர்த்து, கை ஆடி, காப்பித் தம்ளரைத் தூக்கி எறிந்தார். "என்னையப் பாக்காதே, போ" என்று கத்தினார். போகவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன், வேண்டிய அளவைவிட அதிகமாக. பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். கடை சாத்துகிற நேரம் வரை வரவில்லை.

வந்தார். ஸ்டேஷன் வரை நடந்து போய்த் திரும்பி, மறுபடியும் நடந்தாராம். கால் வீங்கியிருந்தது. வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். ஆஸ்பத்திரியில் இதற்கென்று டாக்டர் இருக்கிறாராமே, கேட்டுவிட்டு வரலாமா என்று அவரே கேட்டார்.

ஜனவரி 8, புதன்

டாக்டரிடம் போனோம். மாத்திரை கொடுத்திருக்கிறார். வாரம் ஒரு தடவை வரச் சொன்னார். இவர், "சரிங்க சாமி" என்றுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஜனவரி 11, சனி

பொங்கலுக்குள் பஸ்ஸை முடித்துக் கொடுக்கணும் என்று பட்டறையில் அவசரம். நேற்று வர நேரமாகும் என்று சொல்லித்தான் போனார். சோற்றை மூடிவைத்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்தேன். அவ்வளவுதான் ஞாபகம்.

விடிந்து பார்த்தால் பக்கத்தில் குறட்டை. தட்டு கழுவிக் கவிழ்த்திருக்கிறது. கை நகமெல்லாம் நீலப் பெயின்ட். நான் ரொம்ப நேரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். கல்யாணமாகி வந்த நாளாக, இந்த மனுஷன் கதவுக்கு வருகிற நடைச் சத்தத்தைக் கேட்காமல் நான் ஒரு ராத்திரிகூடக் கண் மூடியதில்லை.

தோசை சுடும்போது எழுந்து வந்தார்.

"என்ன புள்ள, ஒடம்புக்கு முடியலையா? நாலு தட்டு தட்டினேன், எந்திரிக்கவே இல்ல. சன்னல்ல கையை வுட்டு நானே தொறந்துட்டு வந்தேன்."

"ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்குது."

"அப்பறம் என்ன?"

"தூங்கிட்டேனுங்க" என்றேன்.